பூனைச் சிறுநீர் வாடை: கார்ப்பெட்டைப் பிய்த்து எறியாமல் சமாளிக்க வழி உண்டா?

மீசைக்காரன் வீடு (கேள்வி):
எங்கள் பூனை வரவேற்பறையின் ஒரு மூலையைத் தன் கழிப்பிடமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டது. சுவரோடு சுவராகப் பதித்த கார்ப்பெட்; சுருட்டி வெளியே போட்டுக் கழுவ வழியில்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்தால் வாடை அடங்குகிறது. காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி மூக்கைத் துளைக்கிறது. ஆள் வைத்துச் சுத்தம் செய்யக் கையில் பணம் இல்லை. இருப்பவை வெள்ளை வினிகர், சமையல் சோடா, பழைய துண்டுகள். இரண்டையும் கலந்து ஊற்றினால் கறை கிளம்பிவிடும் என்கிறார்களே?

ஈரத்துண்டு:
பொங்கும், அவ்வளவுதான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டபின் மிஞ்சுவது பெரும்பாலும் வெறும் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றுகிறது. வினிகர் அதை முறிக்கும். யூரிக் அமிலப் படிகங்கள்தாம் பிடிவாதக்காரர்கள். தண்ணீரில் எளிதில் கரையாமல் இழையிலேயே ஒட்டிக் கிடக்கும்; ஈரம் பட்டதும் வாடை எழும்பும். உங்கள் வீட்டில் நடப்பது அதுதான்.

வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, கண்ணில் படாத ஓரத்தில் முதலில் தடவிச் சாயம் போகிறதா என்று பாருங்கள். பிறகு, சிறுநீர் இறங்கிய ஆழம்வரை நனையும்படி ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, மடித்த துண்டைப் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். துண்டில் மஞ்சள் இறங்குவது நின்றால்தான் வேலை முடிந்தது. தேய்க்கவே கூடாது, தேய்த்தால் இழை பிரிந்து பஞ்சாகும், கறையும் பரவும். மின்விசிறியில் நன்றாகக் காயவிட்டு, சோடாவைத் தூவி, மறுநாள் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் உறிஞ்சி எடுங்கள்.

மூக்கு நீளம்:
யாராவது பிளீச்சிங் திரவத்தை ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின், வினிகரோடு சேர்ந்தால் குளோரின். இரண்டுமே நச்சு வாயுக்கள். நீராவி இயந்திரத்தை யாராவது இரவல் கொடுத்தாலும் வேண்டாம். சூடு பட்டால் கறையும் வாடையும் இழையில் இறுகிவிடும்.

கணக்குப்பிள்ளை:
ஒரே ஒரு பொருளுக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால், செல்லப்பிராணிகளின் கறைக்கென்றே விற்கும் என்சைம் (நொதி) திரவத்தை வாங்குங்கள். யூரிக் அமிலத்தைச் சிதைப்பது அதுதான்; வாசனைத் தெளிப்பான்கள் எல்லாம் வாடைக்குப் போர்வை போர்த்துபவை. ஊற்றுவதற்கு முன் வினிகரையும் சோப்பையும் வெறும் தண்ணீரால் அலசி ஒற்றிவிடுங்கள், இல்லையென்றால் என்சைம் சரியாக வேலை செய்யாது. ஊற்றியபின் பிளாஸ்டிக் தாளால் மூடிவையுங்கள். காய்ந்துவிட்டால் அதன் வேலையும் நின்றுவிடும்.

மீசைக்காரன் வீடு:
வினிகர் ஊற்றிப் பார்த்தேன். அம்மோனியா நெடி போய்விட்டது, குனிந்து முகர்ந்தால் மட்டும் பழைய வாடை. மூலையைத் தூக்கிப் பார்த்தால் அடியிலிருக்கும் நுரை விரிப்பு உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகிக் கிடக்கிறது. பூனையோ ஆண் பூனை. அது கழிப்பதற்கென்று வைத்த மண்தட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஈரத்துண்டு:
நுரைக்குள் போனதை மேலிருந்து எடுப்பது வீண் முயற்சி. கறைபட்ட பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் ஒரு துண்டு நுரையை வைத்துச் சரிசெய்யுங்கள். தரையையும் கார்ப்பெட்டின் அடிப்பக்கத்தையும் என்சைமால் துடையுங்கள். சுவரோரம் கார்ப்பெட்டைப் பிடித்திருக்கும் பட்டையில் ஆணி முனைகள் மேல்நோக்கி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மண்தட்டு:
எல்லோரும் கார்ப்பெட்டையே பார்க்கிறீர்கள். மண்தட்டை வெறுக்கும் பூனைக்குச் சிறுநீர்ப்பையில் வலி இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை முக்கி முக்கியும் சொட்டுகூட வரவில்லை என்றால் காலைவரை காத்திருக்காதீர்கள், அடைப்பு உயிரை வாங்கிவிடும். உடம்பில் குறையில்லை என்றால், மண்ணைத் தினமும் அள்ளிவிட்டு, தட்டைக் கொஞ்ச நாள் அந்த மூலையிலேயே வைத்துப் பாருங்கள்.