கூத்து மானியம்: கணக்கு எழுதிக் கொடுத்த அனுபவம்

செய்யாறு பக்கம் ஒரு தெருக்கூத்து ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, சில வருடங்களாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மத்திய அரசின் கலை மானியம் வாங்கும் குழு. குழுவை நடத்தும் வாத்தியாருக்குப் பாரதக் கூத்து அத்தனையும் மனப்பாடம், ஆனால் வவுச்சர், படிவம் எல்லாம் அவருக்குப் பழக்கமில்லை, அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது.

மானியம் வாங்கினால், கொடுத்த காரியத்துக்கே பணத்தைச் செலவழித்தோம் என்று பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 12-ஏ என்று அதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. மக்கள் பணம், கணக்குக் கேட்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. என்ன கேட்கிறார்கள் என்பதில்தான் என் ஆதங்கம்.

ஒருமுறை வேஷத்துக்கான கிரீடமும், தோளில் கட்டும் புஜக்கட்டைகளும் புதிதாகச் செய்தோம். பக்கத்து ஊர் ஆசாரிதான் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டித் தருவார். அவரிடம் ஏது ஜிஎஸ்டி பில்? வெள்ளைத்தாளில் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அவர் கையெழுத்தோடு அனுப்பினேன், செல்லாது என்று திரும்பி வந்தது. டவுனில் ஏதாவது கடையில் வாடகைக்கு எடுத்ததாக ஒரு பில் வைத்துவிடுங்கள், பிரச்சினை வராது என்று அந்த அலுவலகத்திலிருந்தே ஒருவர் போனில் சொன்னார். உண்மையாகச் செலவு செய்தவன் மாட்டிக்கொண்டு பொய் பில் வைத்தவன் தப்பித்துப் போவான் என்றால் அது என்ன தணிக்கை? வாத்தியார் பொய் பில்லுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, அந்தத் தொகையைத் தன் கையிலிருந்து போட்டார். பணம் வரத் தாமதமானபோது நகையை அடகு வைத்துத்தான் எல்லோருக்கும் சம்பளம் கொடுத்தார், அந்த வட்டியையும் செலவுக் கணக்கில் காட்ட முடியாது.

ஆய்வுக்கு வந்தவர் பகல் பதினொரு மணிக்கு வந்தார். அது திரௌபதி அம்மன் கோயில் பாரத சீசன், முந்தின இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடிவிட்டு எல்லோரும் கோயில் மண்டபத்தில் அரிதாரம் சரியாகக்கூடக் கலையாமல் படுத்துக் கிடந்தார்கள். எழுப்பி, வரிசையில் நிறுத்தி, தலையை எண்ணி, பேனர் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு ராத்திரியும் அதே ஊரில் கூத்து இருக்கிறது, இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று வாத்தியார் கெஞ்சாத குறையாகக் கேட்டார். இருக்கவில்லை. முகவீணை என்ற சிறிய ஊதுகுழல் வாசிக்கும் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல், அவர் வாசித்ததை அந்த ஃபைலில் எங்கே எழுதுவார்கள்?

இத்தனைக்கும் பெரிய பணம் ஒன்றும் இல்லை. 2025-26 பட்ஜெட்டில் கலாசார அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 3,360 கோடி, நாட்டின் மொத்தச் செலவு 50 லட்சம் கோடிக்கு மேல். நூறு ரூபாய்க்கு ஏழு பைசா கூட வரவில்லை. அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொல்லியல் துறைக்குப் போய்விடும், அருங்காட்சியகம், நூலகம், சங்கீத நாடக அகாதமி போன்ற அகாதமிகள் எல்லாம் மீதியில்தான், அப்புறம்தான் கிராமத்து ஜமாக்கள். தஞ்சாவூர் உட்பட ஏழு மண்டல கலாசார மையங்கள் நடத்தும் குரு சிஷ்ய திட்டத்தில் குருவுக்கு மாதம் 7,500 ரூபாய், மாணவருக்கு 1,500. இவ்வளவு சின்னத் தொகைக்கு இவ்வளவு பேப்பர்.

மேலே இருக்கும் தேசிய அகாதமிகளை ஆராயவும் கமிட்டி போடாமல் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் கோஸ்லா, 1990இல் ஹக்சர், 2014இல் அபிஜித் சென்குப்தா என்று அறிக்கைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. என்னைக் கேட்டால், ஆய்வுக்கு வரும் குழுவில் அந்தக் கலை தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், ஒரு ராத்திரியாவது முழுதாக உட்கார்ந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும், ஆசாரி, தையல்காரர் கையெழுத்திட்ட ரசீதை ஒரு வரம்பு வரைக்குமாவது ஏற்க வேண்டும். இதற்குப் புதிதாக நிதி ஒன்றும் தேவையில்லை.

பொம்மலாட்டம், தோல்பாவைக் குழுக்களுக்கும் இதே பில் தொல்லை இருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளூர்க் கைவினைஞர் ரசீதை ஏற்க வைத்தவர்கள் யாராவது இருந்தால், எந்த விதியைக் காட்டிப் பேசினீர்கள் என்று சொல்லுங்கள், அடுத்த சீசனுக்குள் எனக்கு அது தேவைப்படும்.