மறு: கிரிக்கெட் கவசங்கள் – ‘பேட்’ எது, ‘பேட்’ எது?

வணக்கம் நண்பர்களே,

கிரிக்கெட் கவசங்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் இழை நீண்டுவிட்டதால் எல்லாருக்கும் ஒரே மடலில் பதில் எழுதுகிறேன். மட்டை, பந்து, கையுறை, தலைக்கவசம் இந்த நான்கையும் இனித் தொட வேண்டாம். நாளிதழ்களில் வந்து வந்து நிலைத்துவிட்ட சொற்கள் அவை. ஸ்டம்புக்குக் குச்சியா, முளையா, கம்பா என்ற சண்டையிலும் நான் இறங்கவில்லை. ஸ்டம்பு என்றாலே எல்லாருக்கும் புரிகிறது. சொல் இல்லாமல் நாம் உண்மையிலேயே தடுமாறும் இடங்கள் வேறு.

> பேட் என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாமே? ஆடுகிறவர்கள் அப்படித்தானே சொல்கிறார்கள்?

பேச்சில் சரி. எழுத்தில்தான் வம்பு. கையில் பிடிக்கும் மட்டையும் (bat) பேட், காலில் கட்டும் தடுப்பும் (pad) பேட். வேற்றுமை உருபு சேர்ந்தால் ‘பேட்டில்’, ‘பேடில்’ என்று பிரியும், வாஸ்தவம். ஆனால் அந்த ஒற்றை ‘ட்’டை நம்பி எல்பிடபிள்யூவை, அதாவது ஸ்டம்பில் பட இருந்த பந்தைக் காலாலோ உடம்பாலோ தடுத்தால் அவுட் என்பதை, விளக்க முடியுமா? பந்து முதலில் மட்டையில் பட்டுவிட்டால் எல்பிடபிள்யூ என்ற பேச்சே இல்லை. “பேட்டில் பட்டுத்தான் பந்து போனது” என்று எழுதும்போது ஒரு மெய்யெழுத்து விட்டுப்போனால் போதும், பிழைத்த ஆளை நாமே வெளியே அனுப்பிவிடுவோம்.

> ‘பேடு’ என்று உகரம் சேர்த்து எழுதினால்?

அன்னப்பேடு நினைவுக்கு வருகிறது ஐயா. பெண் பறவையைக் காலில் கட்டிக்கொண்டு யார் ஓட்டம் எடுப்பது?

மற்ற பரிந்துரைகளில் ‘கால்காப்பு’ குழந்தைக்குப் போடும் அணிகலன். ‘காலணை’ அழகான சொல்தான், ஆனால் ‘காலணி’க்கு மிக அருகில் நிற்கிறது, அவசரத்தில் படிப்பவர் செருப்பு என்றே படிப்பார். ஆகவே என் வாக்கு ‘கால்கவசம்’ என்பதற்கு. புதுமை ஒன்றும் இல்லை. தலைக்கவசத்தோடு ஜோடி சேர்கிறது, அது போதும்.

ஆனால் இங்கேதான் அம்மா ஒருவர் அனுப்பிய பட்டியலோடு எனக்கு உடன்பாடில்லை. தொடைக்கவசம், மார்புக்கவசம், கைக்கவசம், வயிற்றுக்கவசம், கழுத்துக்கவசம் என்று உடம்பு முழுக்கக் கவசம் பூட்டியிருக்கிறார். எல்லாவற்றிலும் ஒரே முத்திரை குத்தினால் எது எப்படிப்பட்ட பொருள் என்பது தெரியாமல் போய்விடும். நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: ஓர் உறுப்பை மூடினால் கவசம்; ஓரிடத்துக்கு மட்டும் தடுப்பாக நின்றால் காப்பு; மெத்தென்று அடியை வாங்கிக்கொண்டால், தலையணை போல, அணை. அப்படிப் பார்த்தால் தொடைக்கு வருவது தொடையணை. அதைக் கையில் அழுத்திப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

மார்புக்கு வருவோம். வலக்கை ஆட்டக்காரர் பந்துவீச்சாளருக்கு இடத்தோளைக் காட்டி நிற்கிறார். அவர் சட்டைக்குள் கட்டிக்கொள்ளும் தடுப்பு இடப்பக்க விலா எலும்புகளின் மேல்தான் உட்காரும். நெஞ்சு முழுவதையும் அது மூடுவதில்லை. ‘விலாக்காப்பு’ என்றால் எங்கே கட்ட வேண்டும் என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிக்கொடுத்துவிடும்.

‘கைக்கவசம்’ மட்டும் கூடவே கூடாது. மட்டையைப் பிடித்திருக்கும் கையுறையில் பந்து பட்டுக் கேட்ச் ஆனால் அவுட். விதிப்படி அந்தக் கையுறை மட்டையின் பகுதி. அதற்கு மேலே முன்கையில் கட்டியிருக்கும் தடுப்பில் மட்டும் பட்டால் அவுட் இல்லை. இரண்டுக்கும் ‘கை’யை வைத்தே பெயர் சூட்டினால் நடுவர் கை தூக்கியது சரியா தவறா என்று படிப்பவருக்கு எப்படி விளங்கும்? கீழே இருப்பது கையுறை, மேலே இருப்பது ‘முன்கைக்காப்பு’.

அப்புறம், எல்லாரும் நாசூக்காகச் சுற்றி வளைத்துப் போகிற அந்தப் பொருள். களத்தில் அதைச் சும்மா ‘கார்டு’ (guard) என்கிறார்கள். அடிவயிற்றுக் காப்பு என்று பட்டியலில் இருக்கிறது, ஆனால் அது காப்பது அடிவயிற்றை இல்லை என்பது அணிந்தவருக்கும் தெரியும், அணியாமல் ஆடி அடி வாங்கியவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இரு தொடைகளும் சேரும் இடத்துக்குக் கவடு என்று நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது. ‘கவட்டுக்காப்பு’ என்போம். பெண்கள் அணிவதற்கும் பொருந்தும். கேட்க ஒரு மாதிரி இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு சீசன் போனால் பழகிவிடும்.

> கழுத்துக்கவசம் தெளிவாகத்தானே இருக்கிறது?

இல்லை என்பேன். கழுத்து என்றால் தொண்டையும் அதில் அடக்கம். 2014 நவம்பர் 25 அன்று சிட்னி மைதானத்தில் தலை உயரத்துக்கு எழும்பிய பந்தை (பவுன்சர்) ஹூக் ஆடப்போன ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் பந்தைத் தவறவிட்டு முகத்தைத் திருப்பினார். தலைக்கவசம் போட்டிருந்தார். பந்து அதன் விளிம்புக்குக் கீழே, இடக்காதுக்குப் பின்னால் கழுத்தில் பட்டது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி கிழிந்து, இரண்டு நாள் கழித்து இறந்துபோனார். அந்த வெற்றிடத்தை மறைக்கத்தான் தலைக்கவசத்தின் பின்விளிம்பில் மாட்டும் தடுப்பு பிறகு வந்தது. 2019இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டபோது அவர் அதை மாட்டியிருக்கவில்லை, பிடிக்காமல் விட்டிருந்தார். வேகப்பந்தை எதிர்கொள்ளும் ஆஸ்திரேலிய வீரர்களுக்கு அது கட்டாயமானது 2023 அக்டோபரில்தான்.

கழுத்தின் பின்பக்கத்துக்கு நம்மிடம் தனிச்சொல்லே இருக்கிறது: பிடரி. ‘பிடரிக்காப்பு’ என்றால் பந்து எங்கே பட்டால் ஆபத்தோ அந்த இடத்தையே விரல் வைத்துக் காட்டியது மாதிரி.

> பிடரி என்றால் குதிரைக்கும் சிங்கத்துக்கும் உள்ள மயிர் இல்லையோ?

அது பிடரி மயிர், ஐயா. பிடரியில் ஓர் அறை விட்டான் என்பதும், கால் பிடரியில் பட ஓடினான் என்பதும் மனிதர்களைப் பற்றித்தானே?

முகத்துக்கு முன்னால் வரும் கம்பிக்கு ‘முகவலை’ என்று ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள், எனக்குச் சம்மதம். ஆனால் அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முன்விளிம்புக்கும் தனியாக ஒரு சொல் வேண்டும். 2014 ஆகஸ்டில் மான்செஸ்டரில் இந்தியாவின் வருண் ஆரோன் வீசிய பந்து இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராடின் மூக்கை உடைத்தது அந்த விளிம்புக்கும் முகவலைக்கும் நடுவே புகுந்துதான். ‘நெற்றிவிளிம்பு’ என்று வைத்திருக்கிறேன். மேலான சொல் இருந்தால் தாருங்கள்.

விக்கெட் கீப்பரின் கால்கவசத்துக்கு வேறு பெயர் வேண்டாம், அளவில் சிறியது, அவ்வளவே. அவரைத் தவிர ஃபீல்டர் யாரும் கையுறையோ வெளியே தெரியும் கால்கவசமோ அணியக்கூடாது என்கிறது 28ஆம் விதி. அதனால் மட்டை பிடிப்பவருக்கு மிக அருகே, ஷார்ட் லெக்கில் நிற்பவர் கால்சட்டைக்குள் கட்டிக்கொள்கிறாரே, அது தனி. ‘கணைக்கால் காப்பு’ என்று குறித்துவிடலாம்.

நான் மாட்டிக்கொண்டு நிற்பது ஒரே இடத்தில். கீப்பர் கையுறையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இணைத்து ஒரு தோல்துண்டு இருக்கும். மற்ற விரல்களுக்கு இடையே அப்படி வைக்க விதி இடம் கொடுப்பதில்லை. ‘விரலிடைச் சவ்வு’ என்று எழுதினால் வாத்துக்கால் மாதிரி இருக்கிறது, ‘இடைத்தோல்’ என்றால் எந்த இடை என்று கேட்கிறார்கள். கையுறை தைக்கிறவர்கள் யாரையாவது தெரிந்திருந்தால், அவர்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்களேன்.