உலோகத்தைக் காற்றில் சூடேற்றியபோது நிறை மாறியதைக் கண்டவர்கள் பகிர்க

வேதியியல் ஆசிரியை:
தராசின் ஒரு தட்டில் ஸ்டீல் உல் எனப்படும் இரும்பிழைப் பஞ்சு, மறு தட்டில் அதற்கு ஈடான எடைக்கற்கள். பஞ்சில் தீ வைத்ததும் சிவந்த கங்கு இழை இழையாகப் பரவ, அந்தத் தட்டு மெல்லத் தாழ்ந்தது. விறகு எரிந்து இலேசான சாம்பலாவதையே பார்த்துப் பழகிய பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். இரும்புடன் ஆக்சிஜன் சேர்ந்ததை விளக்கினேன். "அது காற்றிலிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரியும், மிஸ்? தீயிலிருந்து வந்திருக்கக் கூடாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. தராசு அதற்கு விடை சொல்லவில்லை.

கல்லூரி ஆய்வக உதவியாளர்:
எங்களுக்கு மெக்னீசியம்தான் தீராத சிக்கல். 0.24 கிராம் நாடா முழுவதும் எரிந்தால் 0.40 கிராம் ஆக்சைடு கிடைக்க வேண்டும். மாணவர்களுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் அதைவிடக் குறைவு. நாடாவை வைத்துச் சுடும் சிறு கிண்ணமான புடக்குகையின் மூடியைத் தூக்கும்போது வெளியேறும் வெண்புகையே ஆக்சைடுதான். அதோடு, ஒரு பகுதி காற்றின் நைட்ரஜனுடன் சேர்ந்து நைட்ரைடாகிவிடுகிறது. அது ஆக்சைடு அளவுக்கு நிறையைக் கூட்டாது. நைட்ரைடு இருப்பதற்குச் சான்றாக, ஆறிய பொடியில் சில சொட்டு நீர் விட்டுச் சூடாக்கியபோது அமோனியா நெடி மூக்கில் ஏறியதும், மேலே பிடித்த ஈரச் சிவப்பு லிட்மஸ் நீலமானதும் இன்றும் நினைவில் நிற்கின்றன.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
உதவியாளர் சொன்ன காரணங்கள் சரியே. ஆனால், சூடு ஆறாத புடக்குகையைத் தராசில் வைப்பதை அவர் விட்டுவிட்டார். அதைச் சுற்றி மேலெழும் வெப்பக் காற்று தட்டைத் தூக்குவதால் அளவு குறைத்தே காட்டும் என்பதைப் பல ஆய்வகங்களில் கண்டிருக்கிறேன். டெசிகேட்டர் எனப்படும் ஈரம் புகாத மூடிய கலத்தில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே எடை பார்க்க வேண்டும். மீண்டும் சூடாக்கி ஆறவைத்து, அடுத்தடுத்த இரண்டு அளவுகள் ஒத்துவரும்வரை தொடர வேண்டும்.

ஆசிரியை அம்மா, உங்கள் மாணவியின் ஐயம் பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளர் ராபர்ட் பாயில் கொண்ட கருத்தேதான். மூடிய கலத்தில் உலோகத்தைச் சுட்ட அவர், கலத்தைத் திறந்த பிறகு எடை பார்த்ததால், தீயின் துகள்கள் கண்ணாடியை ஊடுருவி உலோகத்தில் சேர்ந்தன என்று 1673இல் எழுதினார். 1774இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் மூடிய கலத்தில் வெள்ளீயத்தைச் சுட்டு, கலத்தைத் திறப்பதற்கு முன்பே எடை பார்த்தார். மொத்த நிறை மாறவில்லை. திறந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது, அதன் பின்னரே எடை கூடியது. இவ்வரலாற்றை அவளிடம் சொல்லுங்கள். அடுத்த முறை செம்பைச் சுடுவதானால் தகட்டைத் தவிர்த்துத் தூளை எடுங்கள். தகட்டின் மேல் படியும் கறுப்பு ஆக்சைடு உள்ளிருக்கும் செம்பைக் காற்றிலிருந்து மறைத்துவிடும்.