ஏ-ஸ்டார் ஒரு தடவை ஓடுகிறது, மறு தடவை தொங்குகிறது. நாளை லேப், அவசரம்

கடைசிபெஞ்ச்03 | இரவு 9.40
வணக்கம். செயற்கை நுண்ணறிவு அறிமுகப் பாடத்தில் 8-பசிலை (3x3 பலகையில் 8 எண்களைக் காலிக் கட்டம் வழியாக நகர்த்தி வரிசைப்படுத்தும் புதிர்) ஏ-ஸ்டார் (குறுகிய வழியைத் தேடும் முறை) வைத்துத் தீர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிவிட்டேன். சில நேரம் உடனே விடை வருகிறது, சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது. 20 நிமிடம் காத்திருந்து பார்த்தேன். எர்ரரும் இல்லை. எங்கே தப்பு? காலை 9 மணிக்கு வைவா.

பைத்தான்பாண்டி | 9.46
எந்த மொழி? இலக்குக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று மதிப்பிட எந்த ஹியூரிஸ்டிக்? கோட் எங்கே?

தூக்கம்வராதவன் | 9.48
லேப்டாப் ரேம் எவ்வளவு? 4 ஜிபி என்றால் அதுதான் காரணம். எனக்கும் இப்படித்தான் நடந்தது.

நிரல்வாத்தியார் | 9.55
தம்பி, "எங்கே தப்பு" என்று கேட்டால் ஜோசியரிடம்தான் போக வேண்டும். கேள்வி கேட்கும் முறையை இங்கே எத்தனையோ தடவை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. சரி, கேட்கிறேன்: மான்ஹாட்டன் தூரம் (ஒவ்வொரு எண்ணும் தன் இடத்துக்குப் போக எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது என்பது) கூட்டும்போது காலிக் கட்டத்தையும் சேர்த்துக் கூட்டுகிறாயா?

கடைசிபெஞ்ச்03 | 10.02
பைத்தான். ஆமாம் சார், 0 உட்பட 9 கட்டத்தையும் கூட்டுகிறேன்.

நிரல்வாத்தியார் | 10.05
அவ்வளவுதான், பிடித்துவிட்டேன். 8 மட்டும் ஒரு கட்டம் தள்ளி இருக்கிறது என்று வை. உண்மையில் ஒரே நகர்த்தல். நீ 8க்கு 1, காலிக்கு 1, ஆக 2 என்கிறாய். ஹியூரிஸ்டிக் உண்மைச் செலவை மிஞ்சக் கூடாது. முதல் வாரப் பாடம் இது. முடிந்தது கதை.

மதுரைமல்லி | 10.11
அது தப்புதான் சார், ஆனால் அதனால் புரோகிராம் தொங்காது. மிஞ்சிப் போனால் குறுகிய வழிக்குப் பதில் கொஞ்சம் சுற்றுவழி கிடைக்கும். தம்பி, தொங்கியபோது தொடக்க நிலை என்ன? அதைப் போடு.

நியூரல்நாகராஜ் | 10.14
இன்னுமா 8-பசில் நடத்துகிறார்கள்? 2012இல் படங்களை அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டியில் அலெக்ஸ்நெட் என்ற நியூரல் நெட்வொர்க் ஜெயித்ததோடு இந்தத் தேடல் சமாச்சாரமெல்லாம் மூட்டை கட்டியாச்சு. நேராக நியூரல் நெட்வொர்க்கில் ஆரம்பிக்க வேண்டியதுதானே?

நிரல்வாத்தியார் | 10.20
2016இல் கோ விளையாட்டில் லீ செடோலை ஜெயித்த ஆல்ஃபாகோ புரோகிராம், நெட்வொர்க்கோடு மரத் தேடலையும் சேர்த்து ஓட்டியதே, அது எந்த மூட்டை?

நியூரல்நாகராஜ் | 10.23
அது மாண்டி கார்லோ தேடல், பல தடவை ஆடிப் பார்த்து நல்ல நகர்த்தலைத் தேடுவது. ஏ-ஸ்டார் இல்லை.

நிரல்வாத்தியார் | 10.27
தேடல் தேடல்தான். 1968இல் ஹார்ட், நில்சன், ராஃபேல் மூவரும் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஷேக்கி ரோபோவுக்கு வழி கண்டுபிடிக்கத்தான் ஏ-ஸ்டாரையே உருவாக்கினார்கள். அந்த அடித்தளம் தெரியாமல் மாடல் டவுன்லோட் செய்து ஓட்டுவதற்குப் பெயர் படிப்பு இல்லை.

தூக்கம்வராதவன் | 10.29
ரேம் பற்றி யாருமே பேசவில்லை.

கடைசிபெஞ்ச்03 | 10.38
0ஐ எடுத்துவிட்டேன், இப்போதும் தொங்குகிறது. தொடக்க நிலையை ரேண்டம் ஷஃபிள் போட்டுத்தான் எடுக்கிறேன், அது முக்கியமா? கடைசியாகத் தொங்கியது இது:
2 5 3
1 0 6
4 8 7
இலக்கு 1 முதல் 8 வரை வரிசையாக, 0 கடைசியில். பார்த்த நிலைகளை ஒரு லிஸ்டில் சேர்த்து, அதில் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

மதுரைமல்லி | 10.52
முக்கியமாவா? அதுதான் விஷயமே! இந்தத் தொடக்கத்துக்கு விடையே கிடையாது.

0ஐ விட்டுவிட்டு வரிசையாகப் படி: 2 5 3 1 6 4 8 7. பெரிய எண் சின்ன எண்ணுக்கு முன்னால் நிற்கும் ஜோடிகளை எண்ணு. 2க்குப் பின் 1, ஒன்று. 5க்குப் பின் 3, 1, 4, மூன்று. 3க்குப் பின் 1. 6க்குப் பின் 4. 8க்குப் பின் 7. மொத்தம் 7, ஒற்றைப்படை. இலக்கில் இப்படி ஜோடியே இல்லை, 0. கட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் இந்த வரிசை மாறாது. மேலே கீழே தள்ளினால் ஓர் எண் இரண்டு எண்களைத் தாண்டுகிறது, ஆகவே எண்ணிக்கை 2 கூடும், 2 குறையும் அல்லது அப்படியே இருக்கும். ஒற்றை எந்தக் காலத்திலும் இரட்டை ஆகாது. ஷஃபிள் போட்டால் சரிபாதி நிலைகள் இப்படித்தான் வந்து விழும். (4x4 பலகைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, காலிக் கட்டம் எந்த வரிசையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.)

சரி, விடை இல்லையென்றால் "இல்லை" என்று சொல்லி நிற்க வேண்டியதுதானே, ஏன் தொங்குகிறது? ஒரு நிலையிலிருந்து போய்ச் சேரக்கூடியவை 1,81,440. அத்தனையையும் லிஸ்டில் போட்டு, ஒவ்வொரு தடவையும் தலையிலிருந்து வால் வரை தேடினால் கோடிக்கணக்கில் ஒப்பீடு. நிலையை டூப்பிளாக (மாற்ற முடியாத லிஸ்ட் மாதிரி) மாற்றி செட்டில் போடு, இருக்கிறதா என்று அது முழுக்கத் தேடாமலே சொல்லிவிடும், சில நொடியில் முடிந்துவிடும். தொடக்கத்துக்கு ஷஃபிள் வேண்டாம். இலக்கிலிருந்து ஆரம்பித்து 100 தடவை கண்டபடி நகர்த்திக் கலைத்துக்கொள்.

பைத்தான்பாண்டி | 10.55
செட் பற்றி நானும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

நிரல்வாத்தியார் | 11.01
நான் சொன்ன தப்பும் தப்புதான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

கடைசிபெஞ்ச்03 | 11.24
செட் போட்டேன். அதே நிலைக்கு இப்போது "விடை இல்லை" என்று வந்து நிற்கிறது. 7ஐயும் 8ஐயும் இடம் மாற்றிப் பார்த்தேன், 6 நகர்த்தலில் தீர்ந்தது. நன்றி அக்கா. ரெக்கார்டு எழுத வேண்டும், வருகிறேன்.

நியூரல்நாகராஜ் | 11.31
வாத்தியார் சார், உங்கள் போனில் முகம் பார்த்துத் திறக்கிறதே, அதை ஏ-ஸ்டாரா செய்கிறது?

நிரல்வாத்தியார் | 11.33
உங்கள் போனில் மேப் வழி காட்டுகிறதே, அதை யார் செய்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரா?

கடைசிபெஞ்ச்03 | மறுநாள் பகல் 1.10
வைவா முடிந்தது. ஒரே கேள்வி: "காலிக் கட்டத்தை ஏன் கூட்டவில்லை?" வாத்தியார் சார் சொன்னதை அப்படியே சொன்னேன்.

புதுவரவு77 | 4 நாள் கழித்து
எனக்கும் இதே பிரச்சினை, 4x4 பலகையில். செட் போட்டும் தொங்குகிறது. யாராவது உதவுங்கள், அவசரம்.

மதுரைமல்லி
4x4இல் போய்ச் சேரக்கூடிய நிலைகளே 10 லட்சம் கோடிக்கு மேல். தொடக்க நிலையைப் போடுங்கள்.

தூக்கம்வராதவன்
ரேம் எவ்வளவு?