இடக்கையில் இருந்த டீ கிளாஸ்

சினிமாவில் நடிக்க வாய்ப்பு தேடி 2016 ஜூனில் கோவில்பட்டியிலிருந்து கிளம்பி வந்தேன். பஸ் என்னைக் கோயம்பேட்டில் இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. சாலிகிராமத்தில் உதவி இயக்குநர்கள் நால்வர் தங்கியிருந்த அறையில் ஊர்க்கார அண்ணன் ஒருவரின் சொல்லால் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தேன். எல்லோரும் கோடம்பாக்கம் என்று சொல்கிறோமே தவிர, வாய்ப்பு தேடி அலைவதெல்லாம் வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் தெருக்களில்தான். சினிமா கம்பெனி என்றால் பெரிய பலகை இருக்கும் என்று நினைத்திருந்தேன். பலவும் சாதாரணக் குடியிருப்பு வீடுகள். வாசலில் பத்துப் பதினைந்து ஜோடிச் செருப்பு கிடந்தால் உள்ளே கதை விவாதம் நடக்கிறது என்று அர்த்தம்.

ஊரில் 8,000 ரூபாய் செலவழித்து எடுத்த புகைப்பட ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நான்கு மாதம் நடந்தேன். அதைப் புரட்டிப் பார்த்தவர்களே குறைவு. ஒரு கம்பெனியில் உதவி இயக்குநர் ஒருவர் மட்டும் நின்று பேசினார். “தம்பி, இதில் உங்கள் முகம் எங்கே இருக்கிறது? மேக்கப் போடாமல், பகல் வெளிச்சத்தில் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு நிமிடம் பேசி வீடியோவும் அனுப்புங்கள்.” அன்றைக்கே அறை நண்பர் மொட்டை மாடியில் செல்போனில் எடுத்துக் கொடுத்தார். எனக்கு முதல் வாய்ப்பை வாங்கித் தந்தது அந்த வீடியோதான்.

பூந்தமல்லியைத் தாண்டி ஒரு டீக்கடைக் காட்சி. எனக்கு ஒரே வசனம்: “அவர் நேற்றே ஊருக்குப் போய்விட்டாரே அண்ணே.” இரவெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். முதலில் கடை முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு ஷாட். நன்றாக வந்தது. பிறகு கேமராவை என் பக்கத்தில் கொண்டுவந்து அதே வசனத்தை மறுபடியும் எடுத்தார்கள். பேசி முடித்ததும், ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் இருக்கிறதா என்று கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் கை தூக்கினார். முந்தைய ஷாட்டில் கிளாஸ் என் இடக்கையில் இருந்தது, இப்போது வலக்கையில். கையை மாற்றினால் வசனம் தடுமாறியது. வசனம் சரியானால், கிளாஸில் டீ குறைந்திருந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மொத்த யூனிட்டும் எனக்காக நின்றது. ஏழாவது டேக்கில்தான் முடிந்தது.

அன்று பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த துணை நடிகர் ஐயா சாப்பாட்டுப் பொட்டலத்தோடு என்னிடம் வந்தார். “வசனத்தைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எந்தச் சொல்லில் கிளாஸைத் தூக்கினாய், எந்தச் சொல்லில் கீழே வைத்தாய் என்பதை யாரும் எழுதித் தரமாட்டார்கள். அதை நீதான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்” என்றார். காலி டம்ளர் ஒன்றைக் கொடுத்து, அதே வசனத்தை எட்டுப் பத்து முறை சொல்ல வைத்தார். “நேற்றே” என்னும்போது கை மேலே, “அண்ணே” என்னும்போது கீழே. நடிப்புக்கு உடம்பும் பழக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த மாதமே ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தேன்.

நடிகர் விஜய் சேதுபதி கூத்துப்பட்டறை என்னும் சென்னை நாடகக் குழுவில் கணக்காளராக இருந்தவர் என்பதைப் பலரும் அதிர்ஷ்டக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பக்கத்திலிருந்தே பார்த்தவர் அவர். 2010-இல் கதாநாயகனாவதற்கு முன்னால் சின்னச் சின்ன வேடங்களில் வந்துபோனவர். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய அந்தப் பட்டறையிலிருந்துதான் நடிகர் பசுபதியும் வந்தார். வாய்ப்புக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, அந்த நாள்களில் ஒரு நாடக ஒத்திகைக்காவது போய் உட்காருங்கள்.

* * *

நான் மதுரைப் பக்கத்துப் பெண். மேலே அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. கதாநாயகிக்குத் தங்கை வேடம் என்று போனில் அழைத்தார்கள். எந்த இயக்குநர், எந்தக் கம்பெனி என்று கேட்டால் நேரடியான பதில் இல்லை. நடிகர் சங்க உறுப்பினர் அட்டைக்கு என்று 40,000 ரூபாய் கேட்டார்கள். அம்மா சங்கிலியை அடகு வைக்கவே கிளம்பிவிட்டார். நான் நடிகர் சங்கத்தில் விசாரித்தேன். உறுப்பினராவதானால் சங்கத்திலேயே நேராக விண்ணப்பிக்க வேண்டும். நடுவில் ஆள் கிடையாது என்றார்கள்.

பிறகு அதே ஆள் இரவு எட்டு மணிக்கு ஒரு விடுதியில் ஆடிஷன் என்றான். அக்காவையும் அழைத்து வருகிறேன் என்றேன். அதோடு அந்த எண்ணிலிருந்து அழைப்பே வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஒழுங்கான கம்பெனியில் பகலில் கூப்பிடுவார்கள், வசனத் தாள் தருவார்கள், கூட யார் வந்தாலும் முகம் சுளிக்கமாட்டார்கள். இப்போது இரண்டு தொடர்களில் நடிக்கிறேன். இரண்டுக்கும் அப்படித்தான் தேர்வானேன். ஒரு பைசா கொடுக்கவில்லை.

* * *

துணை நடிகனாக 22 ஆண்டுகள். ஆறு மணி கால்ஷீட் என்றால் ஐந்தரைக்கு வண்டியருகே நின்றுவிடுவேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்று: சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, படம், அழைத்த ஏஜென்ட், பேசிய பேட்டா (அன்றைய கூலி), கைக்கு வந்த தொகை, அன்று போட்டிருந்த சட்டையின் நிறம். அதே காட்சிக்கு மூன்று மாதம் கழித்துக் கூப்பிடும்போது சட்டை நிறம் உதவும். பணம் இழுபறியானால் மற்றது உதவும்.

என் முதல் நோட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது. முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் ஏஜென்ட் காலமாகிவிட்டார். அவர் எனக்குத் தர வேண்டிய 350 ரூபாயைச் சுற்றி நான் போட்ட சிவப்பு வட்டம் அப்படியே இருக்கிறது. முதல் ஷாட்டுக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தியவரும் அவர்தான்.