குத்துச்சண்டையில் ஜாபுக்குப் பின் உடனே லெஃப்ட் ஹூக்: எங்கே பிசகுகிறது, யாரைப் பார்க்கலாம்?

முன்கை:
ஆர்த்தடாக்ஸ் நிலை (இடது காலும் இடது கையும் முன்னால்). ஜாப் (முன்னால் இருக்கும் இடது கையின் நேர் குத்து), ரைட் (வலது கையின் நேர் குத்து), ஹூக் (மடக்கிய இடது கையால் பக்கவாட்டில் சுற்றிவரும் குத்து) என்று போட்டால் ஹூக் நன்றாக விழுகிறது. நடுவில் வலது கையை எடுத்துவிட்டு, ஜாப் போட்ட அதே கையால் ஹூக் போட்டால் பாதி நேரம் எட்டுவதில்லை. எட்டினாலும் தட்டுவது போலத்தான் இருக்கிறது. எதைத் திருத்த வேண்டும்? இந்தக் காம்பினேஷனில் (தொடர் குத்தில்) தேர்ந்தவர்கள் யார்?

கயிற்றோரம்:
வலது கை போகும்போது இடுப்பு இடப்பக்கம் திரும்பி, எடை முன்காலில் இறங்குகிறது. ஹூக்குக்கு வேண்டிய விசை அங்கேதான் சேர்கிறது. ஜாப் இதற்கு நேர்மாறு. இடது தோளை முன்னால் தள்ளி, உடம்பை வலப்பக்கம் திருப்பிவிடும். ஹூக்கும் அதே பக்கம்தான் திரும்ப வேண்டும். ஜாபிலேயே தோளை முழுக்கச் செலவழித்துவிட்டால் ஹூக்குக்கு மிஞ்சுவது வெறும் கை வீச்சு.

அதனால் ஜாபை முக்கால் பலத்தில் போடுங்கள். கூடவே முன்காலை அரை அடி முன்னால் வையுங்கள், முட்டி மடங்கியே இருக்கட்டும். கை திரும்பும்போது இடது தோளும் இடுப்பும் இரண்டு மூன்று அங்குலம் பின்வாங்கி முன்காலின் மேல் உட்கார வேண்டும். தலையும் இடப்பக்கம் சற்றே நகரட்டும். எதிராளியும் ஆர்த்தடாக்ஸ் என்றால் அவருடைய நேர் வலது உங்கள் வலது தோளைத் தாண்டிப் போய்விடும். அங்கிருந்து முன்காலின் குதிகாலை வெளியே திருப்பி ஹூக். முழங்கை முஷ்டியின் உயரத்துக்கு எழாமல் தொங்கினால், நீங்கள் சொல்லும் அந்தத் தட்டல்தான் வரும்.

எட்டாததற்குக் காரணம் தூரம். மடங்கிய கை நீட்டிய கையைவிட ஏறக்குறைய முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள அளவு குட்டை. ஜாபின் நுனி தொடும் தூரத்தில் நின்றுகொண்டு ஹூக் போட்டால் காற்றில்தான் போகும். பின்காலையும் சேர்த்து நகர்த்துங்கள். அது பின்தங்கினால் உடம்பு நீண்டு, சமநிலை போய்விடும்.

பத்தாம் சுற்று:
மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் முதலில் எதிராளியின் வலது கிளவுஸைப் பாருங்கள். இந்தக் காம்பினேஷனே அதை நகர்த்தத்தான். ஜாபை வலது கையால் தட்டிவிடுகிற ஆள் என்றால், தட்டும் கணத்தில் அவருடைய கன்னம் திறந்துவிடும். ஹூக் அந்த வழியாகச் சுற்றிப் போகும். இரண்டு ஜாப் தனியாகப் போட்டு, கை முன்னால் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூன்றாவதில் ஹூக்கைச் சேருங்கள்.

கை அசையாமல் காதோடு ஒட்டியிருந்தால் தலைக்குப் போடாதீர்கள். ஹூக்கை வலது விலாவுக்குக் கீழே, கல்லீரலுக்கு இறக்குங்கள். 2019இல் இனோவே, டொனேரை 11ஆம் சுற்றில் உட்கார வைத்தது அப்படி உடம்புக்கு விழுந்த லெஃப்ட் ஹூக்தான். ஜாபுக்குப் பின்வாங்குகிற ஆளிடம் ஹூக்கே வேண்டாம். நீங்கள் வீசி முடிப்பதற்குள் அவருடைய வலது கை வந்துவிடும்.

பார்க்க வேண்டியவர்களில் என் முதல் தேர்வு விளாடிமிர் கிளிச்கோ. முன்கையை நீட்டியே வைத்திருப்பார். ஜாபா ஹூக்கா என்று தொடக்கத்தில் பிரித்தறிய முடியாது. 2014 நவம்பரில் ஹாம்பர்க்கில் புலேவை 5ஆம் சுற்றில் முடித்ததும் லெஃப்ட் ஹூக்தான். அடுத்து கொலோவ்கின்: ஜாபே கனமாக இருப்பதால் எதிராளி அதைத் தடுப்பதிலேயே குறியாக இருப்பார்.

நடுவட்டம்:
ஆஸ்கார் டி லா ஹோயாவையும் மிகெல் கோட்டோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் இயல்பில் இடக்கைக்காரர்கள், ஆனால் ஆர்த்தடாக்ஸில் நின்றவர்கள். பலமான கை முன்னால் இருந்ததால் ஜாப், ஹூக் இரண்டிலும் கனம் இருந்தது. 1963இல் வெம்ப்ளியில் கிளேயை (பின்னாளில் அலி) 4ஆம் சுற்றின் முடிவில் வீழ்த்திய ஹென்றி கூப்பரும் இதே ரகம்.

லெஃப்ட் ஹூக் என்றாலே ஜோ ஃப்ரேசியர் பெயரைச் சொல்வார்கள். 1971 மார்ச் 8 அன்று 15ஆம் சுற்றில் அலியைக் கீழே தள்ளிய ஹூக்குக்கு ஈடு குறைவுதான். ஆனால் உங்கள் கேள்விக்கு அவர் பொருந்தமாட்டார். சிறுவயதுக் காயத்தால் அவருடைய இடது கை முழுதாக நீளாது. குனிந்து, ஆடி உள்ளே புகுந்து போடும் ஹூக் அது, ஜாபிலிருந்து பிறப்பதில்லை.

முன்கை:
நன்றி. இன்னொரு சந்தேகம்: ஜாபை முகவாய் வரை முழுக்கத் திருப்பணுமா, பாதியிலிருந்தே ஹூக்காக மாற்றலாமா?

கயிற்றோரம்:
இரண்டும் உண்டு. பாதியிலிருந்து மாற்றினால் வேகம், ஆனால் கனம் குறைவு. வலது கை ஏற்கெனவே நகர்ந்துவிட்ட ஆளுக்கு அதுவே போதும். முழுக்கத் திருப்பினால் அடி கனமாக விழும், இடைவெளியும் கூடும். புதிதாகப் பழகும்போது முழுக்கத் திருப்பியே பழகுங்கள். எப்படிப் போட்டாலும் கை வந்த நேர்க்கோட்டிலேயே திரும்பட்டும். மார்புக்குக் கீழே இறங்கி வளைந்து வந்தால் அந்த இடைவெளியில்தான் எதிராளியின் வலது நுழையும். உங்கள் வலது கிளவுஸ் கன்னத்தை விட்டு அசையவே கூடாது.

பத்தாம் சுற்று:
எதிராளி சவுத்பா (வலது காலும் வலது கையும் முன்னால் வைத்து நிற்பவர்) என்றால் சின்ன மாற்றம். உங்கள் ஜாப் அவருடைய முன்கையில்தான் மோதும்; மோதட்டும், அதை அங்கேயே பிடித்து வைப்பதுதான் வேலை. ஹூக் அந்தக் கைக்கு வெளிப்புறமாகச் சுற்றி வரணும். உங்கள் இடது பாதம் அவருடைய வலது பாதத்துக்கு வெளியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே மாட்டினால் அவருடைய நேர் இடது நடுவில் வரும், அதற்கு உங்கள் தலை தயாராக நிற்கும்.