பழைய ஏற்பாட்டில் மோசே கொடுத்த சட்டமான நியாயப்பிரமாணம் இன்றைக்கும் கிறிஸ்தவர்களான நம்மைக் கட்டுமா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நாசரேத் மருமகள்:

மூத்தவள் பிறந்தபோது நாற்பது நாள் என்னைக் கோயில் பக்கம் விடவில்லை. பச்சை உடம்புக்கு ஓய்வு என்றால் சரி என்றிருப்பேன். ஆனால் அத்தை சொன்ன காரணம் வேறு: "தீட்டோட நற்கருணை அப்பம் வாங்கப் போவியாம்மா? லேவியராகமத்திலேயே போட்டிருக்கு."

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மோசேயின் சட்டங்கள் உள்ள அந்தப் புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். ஆண்பிள்ளைக்கு 7ம் 33ம் சேர்த்து 40 நாள். பெண்பிள்ளைக்கு 14ம் 66ம், 80 நாள். அது முடிந்ததும் ஒரு வயது ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் கொண்டுபோக வேண்டும். வசதி இல்லாதவர்களுக்கு இரண்டு புறா போதும். மரியாளும் யோசேப்பும் எருசலேமில் கொடுத்த காணிக்கை இதுதான்.

"அத்தை, எனக்குப் பொம்பளப்பிள்ளை. அப்போ எண்பது நாளா? புறாவை நம்ம சபை ஐயரிடமா கொடுக்கணும்?" என்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து வரிவரியாக அவர்களே வாசித்துப் பார்த்தார்கள். அப்புறம், "எங்க மாமியார் நாப்பதுன்னுதான் சொன்னாங்க" என்றார்கள்.

எனக்கு அதுதான் வேதனை. நம் ஊர்த் தீட்டு வழக்கத்துக்கு மோசேயின் பெயரை வைத்துவிட்டோம். மாதவிலக்கு நாட்களில் நற்கருணை எடுக்காமல் பின்வரிசையிலேயே இருந்துவிடும் பெண்கள் எத்தனை பேர்! பன்னிரண்டு வருஷம் பெரும்பாடு, அதாவது நிற்காத உதிரப்போக்கு, இருந்தவள் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். லேவியராகமம் 15இன்படி அவள் படுத்த படுக்கையும் உட்கார்ந்த இடமும்கூடத் தீட்டு. அவரோ "மகளே" என்று கூப்பிட்டார். இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

பிரகாசபுரத்திலிருந்து:

சிஸ்டர், நான் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட், சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் சபை. நீங்கள் சொன்ன தீட்டு, பலி, அதோடு விருத்தசேதனம் (ஆண்பிள்ளைகளுக்கு நுனித்தோலை நீக்குவது) எல்லாம் சிலுவையோடு முடிந்தது என்றுதான் நாங்களும் நம்புகிறோம். பத்துக் கட்டளை அப்படி அல்ல. ஓய்வுநாளை ஆசரி என்ற நாலாம் கட்டளையை மட்டும் யார் எடுத்தது? கல்லூரியில் சனிக்கிழமை செய்முறைத் தேர்வு வைத்தார்கள். வேறு நாள் கேட்டேன், கொடுக்கவில்லை. நான் போகவில்லை. ஒரு வருஷம் போனது. இன்றைக்கும் அதில் வருத்தமில்லை.

நம் பக்கத்தில் இது புதுசும் இல்லை. நாசரேத்தை அடுத்த மூக்குப்பீறியில் 1857லேயே சட்டம்பிள்ளை என்ற அருமைநாயகம் மிஷனரிகளை விட்டுப் பிரிந்து தனிச்சபை தொடங்கினார். ஞாயிறை விட்டு சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தார்கள். வெள்ளைக்காரர் வழக்கம் வேறு, வேதம் வேறு என்று காட்ட பழைய ஏற்பாட்டைத்தான் கையில் எடுத்தார்கள். பிறகுதான் எங்கள் அட்வென்டிஸ்ட் மிஷனரிகளே இங்கு வந்தார்கள்.

மதுரை அண்ணன்:

எங்கள் வீட்டுச் சண்டை இரத்தப் பொரியல். சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ போட்டு அம்மா இறக்கினால் சட்டியில் மிச்சம் இருக்காது. தம்பி பெந்தெகொஸ்தே சபைக்குப் போனபிறகு தட்டைத் தள்ளிவிட்டான். "அது மோசேயோட முடிஞ்சதுடா" என்றேன். "இல்லண்ணே, அப்போஸ்தலர் 15 வாசிங்க" என்றான். வாசித்தேன். புறஜாதியாருக்கு, அதாவது யூதரல்லாதவர்களுக்கு, விருத்தசேதனம் வேண்டாம் என்று தீர்மானித்த அதே எருசலேம் கூட்டம், விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது (கழுத்தை நெரித்துக் கொன்ற இறைச்சி), வேசித்தனம் நான்கையும் விலக்கச் சொல்லியிருக்கிறது.

யூதனும் புறஜாதியானும் ஒரே பந்தியில் உட்காரத்தான் அந்தச் சாப்பாட்டு விஷயங்களைச் சேர்த்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கடையில் விற்கிறதை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடலாம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் இருக்கிறதே. தம்பி வருகிற அன்றைக்கு நாங்கள் இரத்தம் வாங்குவதில்லை. மற்ற நாளில் வாங்குகிறோம்.

நாசரேத் மருமகள்:

பிரகாசபுரம் அண்ணன், ஒரு வருஷத்தையே விட்டுக்கொடுத்த உங்கள் மேல் மரியாதை இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். இது முடிந்தது, இது நிற்கிறது என்று கோடு போட்டது யார்? லேவியராகமம் 19இல் பிறனில் அன்புகூரு என்பது 18ஆம் வசனம். இரண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தாதே என்பது அடுத்த வசனம். விருத்தசேதனம் பண்ணிக்கொள்கிறவன் நியாயப்பிரமாணம் முழுவதையும் கைக்கொள்ளக் கடனாளி என்று கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் சொல்கிறார். பாதி எடுக்க அவர் வழியே வைக்கவில்லையே.

கட்டட மேஸ்திரி:

அந்த 19ஆம் அதிகாரத்தில் 13ஆம் வசனத்தையும் பாருங்கள். கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது. எங்களுக்குச் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். ஒரு சபை மூப்பர் வீடு கட்டினோம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கச் சொல்லும் தசமபாகத்துக்கு மல்கியா 3:10 அவருக்கு மனப்பாடம். எங்கள் சித்தாள்கள் கூலி மட்டும் வாரக்கணக்கில் நிலுவை. அது பழைய பிரமாணம் என்று தள்ளவும் முடியாது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபு 5:4இல் அதே குற்றச்சாட்டு திரும்ப வருகிறது. இரண்டையும் காட்டித்தான் கேட்டேன். பாதி வந்தது. மீதிக்கு இன்னும் நடக்கிறேன்.